இரவில் நகரும் கோப்புகள்: தோல்வியைச் சொல்லாத கருவிகள்

கணக்குக் கோப்புகளை நாள்தோறும் இரவில் இன்னொரு சர்வருக்கு அனுப்பத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. நேரம் பார்த்து வேலையைத் தொடங்க லினக்ஸில் கிரானும் விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரும் இருக்கின்றன. கோப்பை நகர்த்தும் கட்டளைகளும் கூடவே வருகின்றன. உரிமக் கட்டணம் கிடையாது. நாலைந்து வரி ஸ்கிரிப்ட் என்பதால் பின்னால் பொறுப்பேற்பவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் கோப்பு உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று சொல்வதில் இந்தக் கருவிகள் ஒன்றுபோல் இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

விண்டோஸின் பழைய எஃப்டிபி கட்டளையைப் பாருங்கள். கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட் கோப்பில் அப்படியே எழுதிவைக்க வேண்டும். நெட்வொர்க்கிலும் அது மறைப்பில்லாமலே போகும். இதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அதிகம் பேசப்படாத குறை வேறு. லாகின் கிடைக்காவிட்டாலும், எதிர்ப்பக்க டிஸ்க் நிரம்பிக் கோப்பு பாதியில் நின்றாலும், அது வேலையை முடிக்கும்போது பூஜ்யத்தையே திருப்பித் தருகிறது. பூஜ்யம் என்றால் வெற்றி என்பது கணினி மரபு. டாஸ்க் ஷெட்யூலரும் அப்படியே பதிவுசெய்துகொள்ளும். மாதக்கணக்கில் ஒரு கோப்பும் போகாமல் இருந்தாலும் பதிவேட்டில் எல்லா நாளும் வெற்றிதான்.

விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாபி இதற்கு நேர்மாறு. கோப்புகளைச் சரியாக நகலெடுத்தால் 1 என்று சொல்லும். 8 முதல்தான் தோல்வி. இது தெரியாமல் எழுதிய ஸ்கிரிப்ட் தினமும் பொய் எச்சரிக்கை அனுப்பும். சில வாரங்களில் அதைத் திறந்து பார்க்கவே ஆளிருக்காது. இன்னொன்று: நகலெடுக்க முடியாத கோப்பை இயல்பாகப் பத்து லட்சம் முறை, 30 விநாடி இடைவெளியில் அது முயன்றுகொண்டே இருக்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஓராண்டு. முயற்சிகளின் எண்ணிக்கையை நாமே குறைத்து எழுதியாக வேண்டும்.

ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி வேறு தரம். மறுமுனையில் பழைய பிரதி இருந்தால் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகே உண்மைப் பெயரைச் சூட்டும் முறை. பாதிக் கோப்பை முழுக் கோப்பென்று நம்பி அடுத்த நிரல் ஏமாறாது. என்ன தவறு நடந்தது என்பதற்கும் தனித்தனி எண் தருகிறது. ஆனால் கிரானில் ஓட்டும்போது கவனம் தேவை. பிழைச் செய்தியைக் கிரான் மின்னஞ்சலாக அனுப்பும். அஞ்சல் வசதி அமைக்காத கணினியில் அந்தச் செய்தி யாரையும் எட்டாது. முந்தைய பரிமாற்றம் முடியுமுன் அடுத்ததையும் கிரான் தொடங்கிவிடும். எஃப்லாக் கட்டளை அதைத் தடுக்கும்.

கோப்பை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி கட்டளை விண்டோஸ் 10இலேயே 2018 முதல் உள்ளது. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதித் தொகுப்பு முறையில் ஓட்டினால், கோப்பை அனுப்ப முடியாதபோது அங்கேயே நின்று தோல்வி என்று சொல்லும். கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு போதும். அந்தச் சாவியால் ஒரே ஒரு கோப்புறையை மட்டும் அணுகும்படி சர்வரில் கட்டுப்படுத்த வேண்டும். இவ்வளவு கிடைத்த பிறகும் பழைய எஃப்டிபியை வைத்திருக்க எந்த நியாயமும் இல்லை.

உங்கள் அலுவலகத்தில் இரவில் ஓடும் பணி ஒன்றைப் பிரதியெடுத்து, அதில் சர்வர் பெயரை வேண்டுமென்றே தவறாக எழுதி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காலைக்குள் பொறுப்பாளருக்குத் தகவல் வரவில்லையென்றால், அந்த ஸ்கிரிப்டை இன்றே திருத்துங்கள்.