பிடிக்க வேண்டிய ரயில்

தாம்பரத்திலிருந்து மாம்பலம் வந்து, ரங்கநாதன் தெரு நெரிசலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அந்தத் தெருவின் துணிக்கடையைப் பற்றிய 'அங்காடித் தெரு' (2010, இயக்கம்: வசந்தபாலன்) படத்தை அண்மையில் மறுபடி பார்த்தேன். முன்பு மேற்பார்வையாளரின் அடிதான் மனதில் நின்றது. இம்முறை வேறொன்று உறைத்தது: கனிக்குப் பிடிக்க வேண்டிய ரயில் இல்லை.

தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கடையினுடையது. பயண நேரம் மிச்சம்தான். ஆனால் அந்த மிச்சம் அவளுக்கு வரவில்லை, கடைக்கே போகிறது. "ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்ல முடிகிறவளுக்குத்தான் வேலை முடியும் நேரம் என்று ஒன்று உண்டு.

இதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் முடிவில் சறுக்குகிறது. நாளெல்லாம் நின்று உழைத்தவளின் கால்களை விபத்தில் பறித்துவிட்டு, காதலன் கைவிடாததில் ஆறுதல் தேடுகிறது. அவள் உழைப்பைப் பற்றிய கேள்வி அவனுடைய பெருந்தன்மையாகக் கரைந்துவிடுகிறது.

கடை ஊழியர்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1947ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதே சட்டத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்க்க 2021 ஆனது. இருக்கை வந்தாலும், எப்போது எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்பது யார் கையில்?

என் அலுவலகம் இப்போது வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்கிறது. நான் கனி இல்லை. என் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நாட்களில் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டே இரவு பத்து மணிக்கும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறேன். ரயில் இல்லாத நாள் எனக்கும் முடிவதில்லை.