பிறந்த சமயமும் தேர்ந்த சமயமும்
(சி. வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள் – ஒரு நோக்கு)

கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்குங்கால் அதன் பொருட்டு விடை பகர்வோர் பெற்றோரும் ஞானப்பெற்றோருமே. குழந்தை வளர்ந்த பின் தன் வாயாலேயே விடை கூறுதற்கெனத் திடப்படுத்தல் என்னும் சடங்கைச் சில திருச்சபைகள் வைத்துள்ளன. அன்று ‘ஆம்’ என்போர் பலர். என்றேனும் ஒருநாள் ‘அன்று’ எனக் கூறி விலகுவோர் சிலர். கோயிலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் இத்திருமுல்கேரியில், இருவகைப் பிள்ளைகளையும் நம் தமிழ்க் குடும்பங்கள் கண்டே வருகின்றன. விலகிய பிள்ளையை நாம் எவ்வாறு மதிப்பது? இவ்வினாவிற்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்தவர் தாமோதரம் பிள்ளை. பிறந்தது கிறிஸ்தவக் குடும்பம்; கற்றது அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி. சென்னையில் பெர்சிவல் பாதிரியாரின் ‘தினவர்த்தமானி’யில் பணிபுரிந்தார். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மிஷன் கல்வி தன் வெற்றிக்குச் சான்றாகக் காட்டத்தக்க இம்மாணவர் பின்னர்ச் சைவரானார். ‘சைவ மகத்துவம்’ என்னும் நூலையும் எழுதினார்.

இம்மாற்றத்தை நம் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வரியில் கூறிச் செல்கின்றன. சைவர் அதனை வெற்றியாகக் கொள்வர். கிறிஸ்தவர் இழப்பாகக் கொள்வர். இரண்டும் கணக்குப் பார்ப்பதேயன்றித் திறனாய்வு ஆகா. விலகிய பின் அவர் என்ன செய்தார் என்பதே நாம் கேட்க வேண்டுவது.

விலகியவர் விட்டுவந்த வீட்டை ஏசியே காலங்கழித்தல் உலகியல்பு. ‘சைவ மகத்துவம்’ வாதநூலே. அதில் அவ்வியல்பு அறவே இல்லை எனல் ஒண்ணாது. ஆயின் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1881-இல் வீரசோழியத்தைப் பதிப்பித்தார். அதன் ஆசிரியர் புத்தமித்திரர் பௌத்தர். 1889-இல் சூளாமணியை வெளியிட்டார். அது சமண காவியம். இடையில் 1883-இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887-இல் கலித்தொகையும் வந்தன. சைவத்தைத் தாமே தேர்ந்துகொண்ட ஒருவர், சைவமல்லாத நூல்களையும் செல்லின் வாயினின்று மீட்டார் என்பது சிறிய செய்தியன்று. தேர்ந்து கொண்ட நம்பிக்கைக்குப் பிற நூல்களைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை போலும்!

‘தாமோதரம்’ என்னும் தொகுதியாக 1971-இல் வெளிவந்த அவருடைய பதிப்புரைகளைக் காண்க. ஏடுகள் ஓரம் உதிர்ந்து வரி சிதைந்து அழிவதைக் கண்டு அவர் வருந்தும் இடங்களில் பண்டிதரின் செருக்கு இல்லை. தாயைப் பிணிப்படுக்கையிற் கண்ட மகனின் பதைப்பே உண்டு. பெரும் புலவர்கள் பிழை நேரின் தம் பெயருக்கு இழுக்காகும் என்று தயங்குவர். இழத்தற்குப் பெரும்பெயர் இல்லாத தாம் துணிகின்றோம் என்ற கருத்துப்பட அவர் எழுதுவது எண்ணத்தக்கது. ஊரார் பழிக்கு அஞ்சாமல் ஒருமுறை சமயம் மாறியவர்க்கு, அச்சேற்றிய பிழைக்காக வரும் பழி பெரிதாகத் தோன்றியிராது என்பது நம் கருத்து.

குறையும் உண்டு. வீரசோழியப் பதிப்புரையில் தமிழ் வரலாற்றை அபோத காலம் முதல் ஆதீன காலம் ஈறாக எட்டாகப் பகுத்தார். பின்வந்த ஆய்வாளர் அதனை ஏற்றிலர். இறுதிக் காலத்திற்குச் சைவ மடங்களின் பெயரைச் சூட்டியதில் அவர் தேர்ந்த சமயத்தின் சாய்வு தெரிகிறது. எனினும், தமிழ் நூல்களைக் காலமுறையில் வரிசைப்படுத்திக் காணவேண்டும் என்னும் எண்ணமே அக்காலத்திற் புதிது. அப்பார்வை வளர்தற்கு ஆங்கிலக் கல்வியும் துணைநின்றது என்பதை மறுத்தல் ஆகாது. மிஷனரிமாரின் சமயத்தை விட்டார். அவர்தம் பள்ளியிற் பெற்ற கல்வியை விட்டாரல்லர்.

இவரை எச். ஏ. கிருஷ்ணபிள்ளையோடு ஒப்பிட்டால் உண்மை மேலும் விளங்கும். நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் 1827-இற் பிறந்த அவர், 1858-இல் கிறிஸ்தவரானார். 1894-இல் வெளிவந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிக’த்தில் கம்பன் நடை கமழ்கிறது. அவர் வைணவத்தை விட்டார், கம்பனை விடவில்லை. ஒருவர் வந்த வழியே மற்றவர் எதிர்த்திசையிற் சென்றார். இருவரும் பிறந்த வீட்டின் செல்வத்தைப் புகுந்த வீட்டிற்குக் கொண்டு சென்றனர். இருவராலும் தமிழ் வளம் பெற்றது.

திருமுழுக்கு ஆன்மாவில் அழியா முத்திரை இடுகிறது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கொள்கை. அதன் இறைமைப் பொருளை ஆராய்தல் நம் வேலையன்று. ஆயினும், குழந்தைக்கு நாம் முதலில் அளித்தவை எளிதில் அழியா என்பது மேற்கண்ட இருவர் வாழ்விலும் மெய்யாகிறது.

தாய்மண் விட்டு வந்த நாமும் பிள்ளைகளைக் கேளாமலே அவர்க்குப் பெயரிட்டோம்; மொழி தந்தோம்; வழிபாடு தந்தோம். அவர்களுள் ஒருவர் நாளை ஒன்றை ஏற்று ஒன்றை விடலாம். அன்று கதவடைத்தால், நாம் தந்தவற்றுள் அவர் போற்றி வைத்திருப்பது எது என்பதை அறியாமலே போவோம். 1901-இல் தாமோதரம் பிள்ளை மறைந்தார். அவர் காத்தளித்த கலித்தொகையைக் கிறிஸ்தவரும் சைவரும் ஒருங்கே இன்றும் படிக்கின்றனர். அதைக் கையில் எடுப்போர் எவரும் பதிப்பாசிரியர் எக்கோயிலில் வணங்கினார் என்று கேட்பதில்லை.