ஒரே குத்தில் முடியும் சண்டையை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்?

நாயகன் தோற்கமாட்டான் என்பது சூப்பர்ஹீரோ கதை படிக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் பதறுவதற்காகத்தான் படிக்கிறோம். ‘ஒன் பஞ்ச் மேன்’ என்ற ஜப்பானிய மாங்கா அந்தப் பதற்றத்தை எடுத்த எடுப்பிலேயே பிடுங்கிப் போட்டுவிடுகிறது. வழுக்கைத் தலையும் மஞ்சள் உடையுமாய் வரும் சைத்தாமா கையை ஓங்கினால் எந்த அரக்கனும் ஒரே அடியில் காலி. வேலை தேடி அலுத்துப்போன இளைஞன் மூன்று வருடம் தினமும் நூறு தண்டால், நூறு பஸ்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று பயிற்சி செய்து அடைந்த பலம் இது. அடைந்த பிறகு சண்டையில் அவனுக்கு எந்த உணர்ச்சியும் இல்லை. சரிக்குச் சமமான எதிரிகளோடு ரத்தம் சிந்தி மோதி அவன் பூரித்துப்போகும் ஒரே காட்சி, தொடக்க அத்தியாயங்களில் ஒன்றில் அவன் காணும் கனவு. விழித்து வெளியே போனால் அங்கேயும் ஒரு குத்துதான், மிச்சப் பேர் வெள்ளைக்கொடி காட்டிவிடுகிறார்கள்.

முடிவை முன்பே கையில் கொடுத்துவிட்ட கதையில் வாசகனை எது பிடித்து நிறுத்துகிறது? இந்தத் தொடரின் பலமும் பலவீனமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன.

ஒன் என்ற புனைபெயரில் எழுதும் ஆசிரியர் 2009இல் தம் சொந்த இணையதளத்தில் இதைத் தொடங்கினார். கோடுகள் கோணல்மாணலாக இருந்தும் வாசகர்கள் குவிந்தார்கள். ‘ஐஷீல்ட் 21’ மாங்காவுக்கு வரைந்து பெயர் பெற்றிருந்த யூசுகே முராத்தா தாமே தேடிவந்து கேட்டு, 2012 முதல் ஷூயெய்ஷாவின் இணைய இதழில் அதை மறுபடி வரையத் தொடங்கினார். முராத்தாவின் கை அசாத்தியமானது. இடிந்த கட்டடத்தின் ஒவ்வொரு கம்பியும், அரக்கனின் ஒவ்வொரு தசைநாரும் தெரியும். அந்த நுணுக்கத்துக்கு நடுவே சைத்தாமாவின் முகத்தை மட்டும் கோழிமுட்டையில் இரண்டு புள்ளி வைத்தது போல விட்டுவைத்தார். எதிரே உலகமே அதிர, அந்த முகம் மளிகைக்கடைத் தள்ளுபடி நாளைப் பற்றி யோசிக்கும். நகைச்சுவையின் பாதி வேலையை அந்த வரையும் முறையே செய்துவிடுகிறது.

மீதிப் பாதியைச் செய்பவர்கள் தோற்கிறவர்கள். ஆழ்கடல் அரசன் என்ற அரக்கன் வரும் பகுதியைப் பாருங்கள். மழை கொட்டுகிறது. தஞ்சக் கூடத்தில் மக்கள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். காக்க வந்த வீரர்கள் ஒவ்வொருவராய் விழுகிறார்கள். ஒரு சிறுமி மேல் அமிலம் படாமல் குறுக்கே பாய்ந்த இயந்திர மனிதன் ஜெனோஸ் உருகிக் குலைந்து கிடக்கிறான். அப்போது சைக்கிளில் வந்து சேர்கிறான் முமென் ரைடர். கடைநிலையான ‘சி’ பிரிவுக்காரன், விசேஷ சக்தி எதுவும் இல்லாதவன். தன்னால் ஜெயிக்க முடியாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அடிவாங்கி விழுகிறான், மறுபடி எழுந்து நிற்கிறான். சைத்தாமா பிறகுதான் வருகிறான். சரிந்து விழுபவனைத் தாங்கிப் பிடித்து, நன்றாகப் போராடினாய் என்கிறான். அடுத்து வரும் குத்தில் பெய்துகொண்டிருந்த மழையே சிதறி விலகுகிறது. அந்தக் குத்தைவிட நம் நெஞ்சில் நிற்பது அந்தச் சைக்கிள்காரன் எழுந்து நின்ற விதம்தான்.

காட்சி அதோடு முடிவதில்லை. தப்பிப் பிழைத்த கூட்டத்தில் ஒருவன், இவன் ஒரே அடியில் முடித்ததை இத்தனை வீரர்களால் முடிக்க முடியவில்லையே என்று ஏளனம் பேசுகிறான். சைத்தாமா சிரித்துக்கொண்டே, மற்றவர்கள் அடித்துக் களைக்க வைத்திருந்தார்கள், நான் கடைசியில் வந்து பெயரைத் தட்டிக்கொண்டேன் என்று பொய் சொல்லித் தன் பெயரைக் கெடுத்துக்கொள்கிறான். ஜெயிப்பானா என்ற கேள்வியை எடுத்துவிட்டதால்தான், ஜெயித்தவன் எப்படி நடந்துகொள்கிறான் என்ற கேள்விக்கு இடம் கிடைக்கிறது. இந்த உத்தியின் உச்சம் என்று நான் கருதுவது இந்த இடத்தைத்தான்.

வீரர் சங்கம் என்ற கற்பனையும் இதே மண்ணில் முளைத்தது. தேர்வு எழுதி, தரவரிசையில் ஏறி, சி பிரிவில் இருந்தால் வாரத்துக்கு ஒரு நற்செயலாவது கணக்குக் காட்டவேண்டிய அமைப்பு அது. உடல்திறனில் முழு மதிப்பெண் வாங்கிய சைத்தாமா எழுத்துத் தேர்வில் சறுக்கி 71 மதிப்பெண்ணோடு சி பிரிவில் நுழைகிறான். அந்தச் சங்கத்தையே தொடங்கியவர், தம் பேரனை ஒரு வழிப்போக்கன் அரக்கனிடமிருந்து காப்பாற்றியதில் நெகிழ்ந்துபோன கோடீஸ்வரர். அந்த வழிப்போக்கன் சைத்தாமாதான். அது சங்கத்துக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஒன் இந்தச் செய்தியைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

குறை எங்கே தொடங்குகிறது? கதை நீளத் தொடங்கும் இடத்தில். சைத்தாமா வந்தால் சண்டை முடிந்துவிடும் என்பதால், பெரிய சண்டை வேண்டுமென்றால் அவனை எங்காவது அலைய விட்டாக வேண்டும். அரக்கர் சங்கப் பகுதியில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. பூமிக்கடியில் வீரர்களும் அரக்கர்களும் அத்தியாயம் அத்தியாயமாக மோதிக்கொண்டிருக்க, தலைப்புக்குரியவன் வெகுநேரம் கண்ணில் படுவதேயில்லை. எந்த வகைக் கதையைப் பார்த்துச் சிரிக்கப் பிறந்ததோ, அந்த வகைக் கதையாகவே தொடர் மாறிவிடுகிறது.

வீரர்களை வேட்டையாடும் காரோவின் முடிவை இரண்டு வடிவங்களிலும் ஒப்பிட்டால் இது விளங்கும். ஒன் வரைந்த மூலத்தில் அந்த மோதலின் உயிர் பேச்சில் இருக்கிறது. நீ ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டது வீரனாக, அது முடியாது என்று அரக்கன் வேஷத்தோடு சமாதானமாகிவிட்டாய் என்று சைத்தாமா அவனை உரித்துக் காட்டுகிறான். முராத்தா வடிவத்தில் சண்டை வியாழனின் நிலவு வரை போகிறது. ஜெனோஸ் கொல்லப்படுகிறான். காலத்தைப் பின்னோக்கிக் கடந்து சைத்தாமா எல்லாவற்றையும் சரிசெய்கிறான், செய்ததும் அவனுக்கு எதுவும் நினைவில்லை. வரைந்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சைத்தாமா வாழ்வில் முதல்முறையாக உணர்ந்த இழப்பைக் கொடுத்த கையோடு பறித்துக்கொண்டது, கதைக்குச் செய்த அநியாயம் என்பேன்.

பூரிபூரி பிரிஸனர் என்ற பாத்திரத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆணை விரும்பும் ஆண் என்றால் மேலே வந்து விழுபவன் என்ற மலிவான கேலி அது. தோற்பவர்களிடம் இத்தனை பரிவு காட்டும் படைப்புக்கு அது பொருந்தவேயில்லை.

அனிமே வடிவத்துக்கு வருவோம். 2015இல் ஷிங்கோ நட்சுமே இயக்கத்தில் மேட்ஹவுஸ் தயாரித்த முதல் பருவம் இன்றும் அளவுகோலாக இருக்கிறது. 2019இல் இரண்டாம் பருவம் ஜே.சி.ஸ்டாஃப் நிறுவனத்துக்கும் சிகாரா சகுராய்க்கும் கைமாறியபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2025இல் வந்த மூன்றாம் பருவத்தில், படம் அசையவே இல்லை என்ற புகார் இன்னும் உரத்து எழுந்தது. புகார் நியாயமானது. அசைவில்லாத சண்டையை நீட்டிக்கொண்டே போவதைப் பார்க்க அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் பழியை ஓவியர்கள் மேல் மட்டும் போட்டால் பாதி உண்மை தவறிவிடும். முதல் பருவம் எடுத்துக்கொண்டது கதையின் மிகச் சிறந்த பகுதியை. எல்லா மோதல்களும் அதில் சைத்தாமாவின் அலுப்பில் வந்து முடிந்தன. பிந்தைய பருவங்களுக்கு வாய்த்ததோ அவன் இல்லாத சண்டைகள். கைகொடுக்க நகைச்சுவையும் இல்லாமல், அவை வெறும் ஓவியத்தின் தோளில் நிற்கவேண்டியிருந்தது.

இதற்குச் சான்று இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. உலகின் மிக வலிமையான மனிதன் என்று பெயரெடுத்த கிங், உண்மையில் வீட்டுக்குள் வீடியோ கேம் ஆடும் பயந்தாங்கொள்ளி. எதிரிகள் கேட்டு நடுங்கும் அவனுடைய ‘கிங் எஞ்சின்’ ஒலி, பயத்தில் அடித்துக்கொள்ளும் அவன் இதயம். சைத்தாமா வீழ்த்திய அரக்கர்களின் புகழெல்லாம் தவறுதலாக அவன் கணக்கில் சேர்ந்தது. அவன் அதை ஒப்புக்கொள்ளும்போது சைத்தாமா கோபப்படுவதில்லை. பலசாலியாக வேண்டுமானால் ஆகிவிடு, அவ்வளவுதானே என்கிறான். பிறகு இருவரும் கேம் ஆட உட்கார்ந்தால் கிங் அவனைத் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கிறான். எந்த அரக்கனாலும் கிளப்ப முடியாத ஆத்திரம் அந்த முட்டைமுகத்தில் ஏறுகிறது. இரண்டு ஆண்களும் ஒரு திரையும் மட்டும்தான் காட்சியில். ஆடம்பர அனிமேஷன் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.