நடைபாதையா, கால்வாய் மூடியா?

பாண்டிபஜாரில் இப்போது நடக்கலாம். 2019 நவம்பரில் தியாகராய சாலையில் அகலமான நடைபாதை போட்டுத் திறந்தார்கள். அங்கங்கே பைக்குகள் ஏறி நிற்பதை மன்னித்துவிட்டால், சென்னையில் குழந்தையின் கையைக் கொஞ்சம் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய சொற்ப இடங்களில் அது ஒன்று. பாராட்டத்தான் வேண்டும்.

அம்மாவை அங்கே கூட்டிப் போயிருந்தேன். எழுபத்தாறு வயது, இரண்டு முட்டியிலும் வலி. ஒரு மணி நேரம் உற்சாகமாக நடந்தார். வம்பு, எங்கள் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும்தான் ஆரம்பித்தது. வீட்டுக்கு இருநூறு அடி தூரம். நடைபாதை இருக்கிறது... முழங்கால் உயரத்தில்! என் தோளைப் பிடித்து ஏறினார். பத்தடி தாண்டியதும் ஒரு வீட்டு கேட்டுக்காகச் சரிவு. இறங்கினார். மறுபடி ஏற்றம். அப்புறம் ஒரு ஈ.பி. பாக்ஸ், அதை ஒட்டி மூன்று பைக்.

"போதும்டா, நான் ரோட்டுலயே வரேன்" என்று இறங்கிவிட்டார். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்து, "பிளாட்ஃபாரம் இருக்குல்ல, அதுல போகக் கூடாதா?" என்று அட்வைஸ் செய்துவிட்டுப் போனார்.

ஏன் இந்த உயரம்? சென்னையின் பல தெருக்களில் நடைபாதை என்று நாம் சொல்வது மழைநீர்க் கால்வாயின் மூடியைத்தான். அதன் உயரமும் அகலமும் தண்ணீரின் சௌகரியத்துக்காக முடிவாகின்றன. மனிதக் கால்களுக்காக அல்ல. இத்தனைக்கும், இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: நடைபாதை விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும்.

நான் பி.காம். இன்ஜினீயரிங் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவிகிதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றது அது. அருமை! ஆனால், கால்வாய் கட்டிய காசையே நடைபாதைக் கணக்கிலும் எழுதினால், ஏட்டில் லாபம், தெருவில் நஷ்டம். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒரே ஒரு வரி தனியாகக் கேட்கிறேன்: 'ஏறி இறங்காமல் நடக்கக்கூடிய நடைபாதை இந்த வருடம் எத்தனை கிலோமீட்டர்?'

2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். நெரிசலுக்கு அது நல்ல நிவாரணம்தான். அதற்காக, நடப்பவனை மேலே ஏற்றிவிட்டால் கீழே வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அவன் வீடு கீழேதானே இருக்கிறது!

நம்ம பங்கும் உண்டு. அந்தச் சரிவுகளைப் போட்டது மாநகராட்சியா? நம் காருக்காக நாமே போட்டுக்கொண்டதுதான். தள்ளுவண்டிக்காரரைப் பிடித்துத் திட்டுகிறோம். நம் வாசலில் நிற்கும் நம் பைக் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அன்று வீட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா கேட்டார்: "ஏண்டா, கடைக்குப் போறவளுக்கு அவ்ளோ நல்ல பாதை போட்டவங்க, வீட்டுக்குத் திரும்புறவளுக்கும் போட மாட்டாங்களா?"

பதில் தெரிந்தவர்கள் ரிப்பன் மாளிகையில் இருக்கிறார்கள். ஒருநாள் காரை விட்டுவிட்டு நடந்து வந்து சொல்லட்டும்.