இரண்டு பேர் போன ஊர்

தமிழில் இப்போது ஜோடியாகப் பயணம் போகிறவர்கள் நிறைய எழுதுகிறார்கள். அதைவிட நிறைய வீடியோ போடுகிறார்கள். முதுகுப்பை, ஹாஸ்டல் படுக்கை, ராத்திரி பஸ், தெருவோரச் சாப்பாடு, கடைசியில் 'ரெண்டு பேர், பத்து நாள், மொத்தச் செலவு இவ்வளவு' என்று ஒரு கணக்கு. திருச்சியில் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர் என்று ஆனபிறகு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பேக்கேஜ் டூரில் சேராமல், சொந்தக்காரர் வீடு தேடிப் போகாமல், ஒரு கணவனும் மனைவியும் தெரியாத ஊரில் சும்மா நடப்பது நம் குடும்பங்களுக்குப் புதுசு. அதனாலேயே இவற்றை விடாமல் படிக்கிறேன், பார்க்கிறேன். ஆனால் பத்துப் பதினைந்து படித்தபின் ஒன்றுகூட தனியாக நினைவில் நிற்பதில்லை. எல்லாம் ஒரே ஜோடி ஒரே ஊருக்குப் போன மாதிரி இருக்கிறது.

காரணம் ஊரிலும் இல்லை, மொழிநடையிலும் இல்லை என்று நினைக்கிறேன். 'நாங்கள்' என்ற சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரே 'வீ'தான். நமக்கு 'நாம்' உண்டு, 'நாங்கள்' உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே. பயணக் கட்டுரைக்கு அது நியாயம்தான். போனது அவர்கள், படிப்பது நாம். சிக்கல் அந்தச் சொல்லின் உள்ளே இருக்கிறது. "நாங்கள் சாப்பிட்டோம்" என்றால் யார் சாப்பிட்டது, யார் சும்மா உட்கார்ந்திருந்தது? "எங்களுக்கு ஊர் பிடித்துவிட்டது" என்றால் எந்த நாளில், யாருக்கு முதலில்? என் வேலையில் கிட் பிளேம் என்று ஒன்று உண்டு. கோடில் எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டிவிடும். பயணக் கட்டுரையின் 'நாங்க'ளில் அந்த வசதி கிடையாது. இரண்டு பேர் போய் ஒருத்தர் பார்த்த மாதிரி எழுதுகிறார்கள்.

இந்த வடிவத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1972இல் டோனி வீலரும் மொரீன் வீலரும் லண்டனில் ஒரு பழைய மினிவேனில் கிளம்பினார்கள். அவர் பொறியியல் படித்தவர், அவர் மனைவி பெல்ஃபாஸ்ட்காரர், கல்யாணமாகி ஒரு வருஷம்தான். ஆப்கானிஸ்தான் வரை ஓட்டி, வண்டியை அங்கே விற்றுவிட்டு, கிடைத்ததில் ஏறி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தபோது இருவரிடமும் சேர்த்து மிச்சம் 27 சென்ட். எப்படிப் போனீர்கள், எவ்வளவு ஆச்சு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டதால், சமையலறை மேசையில் உட்கார்ந்து 96 பக்கத்தில் 'அக்ராஸ் ஏசியா ஆன் த சீப்' என்ற கையேட்டை உருவாக்கினார்கள். 1973இல் வந்தது. லோன்லி பிளானெட் நிறுவனம் அங்கே ஆரம்பித்தது.

கேள்வி என்னவோ அதுதான் வடிவத்தையும் தீர்மானித்தது. எவ்வளவு ஆச்சு என்று கேட்டவர்களுக்கு ஒரு தம்பதியின் கதை தேவைப்படவில்லை, தகவல்தான் தேவைப்பட்டது. கையேட்டில் 'நாங்கள்' போய் 'நீங்கள்' வந்துவிடுகிறது: இங்கே தங்குங்கள், இதைச் சாப்பிடுங்கள், அவனிடம் ஏமாறாதீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கையேடு ஒரு ஆவணம். அடுத்த பதிப்பு வந்தால் பழையது காலாவதி. அதன் நேர்மையே அதுதான். இன்றைய ஜோடிக் கட்டுரைகள் கையேட்டின் வேலையைச் செய்துகொண்டே அனுபவக் கட்டுரையின் பெயரையும் கேட்கின்றன. விலை மாறியதும் கட்டுரையும் செத்துவிடுகிறது, ஏனென்றால் விலையைத் தவிர அதில் இருந்தது எல்லாருக்கும் பொதுவான வியப்பு மட்டும்தான்.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். நானும் மனைவியும் வியட்நாம் போயிருந்தோம். நான் எதையும் சாப்பிடுவேன், அவள் சுத்த சைவம். ஹனோயில் மதிய நேரம் தெருவில் நடந்தால் புன் சாவுக்காகப் பன்றி இறைச்சி சுடும் புகை மூக்கில் ஏறும். குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கிண்ணத்தில் இனிப்பும் புளிப்புமான சாறு, அதில் மிதக்கும் இறைச்சி, பக்கத்தில் அரிசி நூடுல்ஸும் ஒரு குவியல் பச்சைத் தழையும். என் ஹனோய் அது. அவள் ஹனோய் வேறு. காய்கறி வதக்கலில்கூட மீன் சாறு விழும் ஊரில் அவள் 'சாய்' என்று எழுதிய பலகையைத் தேடி நடந்தாள். அங்கே சைவத்துக்கு அதுதான் சொல். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மாமிசம் தொடாத பௌத்தக் குடும்பங்கள் அங்கே ஏராளம் என்பதும், அன்றைக்கு அந்தக் கடைகளில் கூட்டம் இருக்கும் என்பதும் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. "நம்ம பாட்டி அமாவாசைக்கு இருக்கிற மாதிரியே இருக்காங்கடா" என்றாள். எனக்கு ஒரு உணவுச் சுற்றுலா கிடைத்தது. அவளுக்கு அந்த ஊரின் பஞ்சாங்கமே கிடைத்தது.

வழக்கமான கட்டுரையில் இது எப்படி வரும் தெரியுமா? "சைவத்துக்கு ஆப்ஷன் கொஞ்சம் கம்மி, ஆனா மேனேஜ் பண்ணிக்கலாம்." மேனேஜ் பண்ணியது ஒருத்தர். அவர் எங்கே எப்படி மேனேஜ் பண்ணினார் என்பதுதான் எழுதப்பட்டிருக்க வேண்டிய கட்டுரை.

ஒரே பயணம், இரண்டு பேர், இரண்டு புத்தகம் என்று ஒரு அபூர்வமான உதாரணம் இருக்கிறது. 1935இல் பீட்டர் ஃபிளெமிங்கும் எலா மையாரும் பீகிங்கிலிருந்து சின்ஜியாங் வழியாகக் காஷ்மீர் வரை ஏழு மாதம் போனார்கள். அவர் 'த டைம்ஸ்' நிருபர், ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயான் ஃபிளெமிங்கின் அண்ணன். மையார் ஸ்விட்சர்லாந்துக்காரர். காதலர்கள் அல்ல, இருவருமே தனியாகப் போவதில் பெருமை உள்ளவர்கள். அவருடைய முந்தைய புத்தகத்தின் பெயர் 'ஒன்ஸ் கம்பெனி', மையாருடையது ஆங்கிலத்தில் 'டர்கிஸ்தான் சோலோ'. இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து போவதில் உள்ள வேடிக்கை அவர்களுக்கே தெரிந்திருந்தது.

ஃபிளெமிங்கின் 'நியூஸ் ஃப்ரம் டார்டரி' 1936இல் வந்தது. மையாரின் புத்தகம் பிரெஞ்சில் அடுத்த வருஷம்; ஆங்கிலத்தில் 'ஃபார்பிடன் ஜர்னி'. ஃபிளெமிங்கின் நடை வேகமானது, தன்னையே கிண்டல் செய்வது. அவருக்கு ஊர் திரும்பும் அவசரம். மையாருக்கு அவசரமே இல்லை, இன்னும் நின்று பார்க்க வேண்டும். ஃபிளெமிங் துப்பாக்கி எடுத்துக்கொண்டு பறவையோ மானோ கிடைக்குமா என்று போவார். அதைச் சமைப்பது, துணி துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது பெரும்பாலும் மையார். ஃபிளெமிங் இதை மறைக்கவில்லை, நன்றியோடுதான் சொல்கிறார். ஆனாலும் வேட்டையாடியவரின் இரவு உணவும் அடுப்பு மூட்டியவரின் இரவு உணவும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரு புத்தகம் மட்டும் இருந்திருந்தால் நமக்கு ஒரு நல்ல சாகசக் கதை கிடைத்திருக்கும். இரண்டும் இருப்பதால்தான் ஒரே பாதை இரண்டு வேகத்தில் எப்படி இரண்டு நாடாகிறது என்று தெரிகிறது.

நிஜத் தம்பதி இதை ஒரே புத்தகத்துக்குள் செய்ய முடியுமா? முடியும். ஹூலியோ கொர்த்தஸாரும் கரோல் டன்லப்பும் 1982 மே மாதம் ஒரு ஃபோக்ஸ்வாகன் வேனில் பாரிஸிலிருந்து மார்சேய்க்குக் கிளம்பினார்கள். ஒரே நாளில் போய்விடக்கூடிய நெடுஞ்சாலை. அவர்கள் வைத்துக்கொண்ட விதி: மார்சேய் வரும்வரை நெடுஞ்சாலையை விட்டு வெளியேறக் கூடாது, ஒரு நாளைக்கு இரண்டு ஓய்விடங்கள் மட்டும், இரண்டாவதில் இரவுத் தங்கல். ஆனது 33 நாள். 'ஆட்டோநாட்ஸ் ஆஃப் த காஸ்மோரூட்' என்று ஆங்கிலத்தில் கிடைக்கும் அந்தப் புத்தகத்தில் பார்க்க வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை. மரம், கழிப்பறை, லாரிகள், மடக்கு நாற்காலி, அவ்வளவுதான். பழைய காலத்து ஆராய்ச்சிப் பயணிகளைக் கேலி செய்வதுபோல நேரம், வெப்பநிலை, காலையில் என்ன சாப்பிட்டோம், மதியம் என்ன என்று நாட்குறிப்பு வைக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சலிப்பூட்ட வேண்டிய புத்தகம் சலிக்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக எழுதுகிறார்கள். கரோல் பிரெஞ்சில், கொர்த்தஸார் ஸ்பானிஷில். அவர் இவரைப் பார்க்கிறார், இவர் அவரைப் பார்க்கிறார். ஒரே மரத்தடியில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தட்டச்சு செய்கிறார். அந்தப் பார்வைப் பரிமாற்றத்தில் 'நாங்கள்' மெல்ல நெகிழ்ந்து, படிக்கிற நாமும் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம்.

பயணம் முடிந்த சில மாதங்களில், 1982 நவம்பரில், கரோல் இறந்துபோனார். அவர் பகுதிகளை ஸ்பானிஷில் கொண்டுவந்து புத்தகத்தை முடித்தது கொர்த்தஸார். 1983இல் வெளிவந்தது, 1984 பிப்ரவரியில் அவரும் போய்விட்டார். அந்தச் சாப்பாட்டுக் குறிப்புகளை இது தெரிந்தபின் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. கரோலின் பத்திகளைக் கரைத்து எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று எழுதியிருந்தால் அவர் குரல் அந்தப் புத்தகத்தில் மிஞ்சியிருக்காது.

எல்லாரும் கொர்த்தஸார் ஆகணுமா, நாலு பேருக்கு உபயோகமா விசா, பஸ், ஹாஸ்டல் விவரம் சொன்னா போதாதா என்று கேட்கலாம். போதும், தாராளமாகச் சொல்லுங்கள். நானே அவற்றைப் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறேன். இலக்கியம் என்று ஒரு பத்தி அதிகம் எழுத உட்காரும்போது மட்டும் கேமராவைப் பிடித்தவரும் அதன் முன்னால் நின்றவரும் ஆளுக்கு ஒரு பக்கம் தனியாக எழுதிப் பாருங்கள். முரண்பட்டால் திருத்த வேண்டாம். ஒருவருக்குப் பிடித்த ஊர் மற்றவருக்குக் கால்வலியாக இருந்திருந்தால் அப்படியே இருக்கட்டும்.

புன் சா பற்றித் தமிழில் போதுமான அளவு படித்துவிட்டேன். பௌர்ணமியன்று ஒரு சாய் கடையில் வியட்நாமியப் பாட்டிகளுக்கு நடுவே தட்டோடு உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண் எழுதிய ஹனோயை இன்னும் படிக்கவில்லை.