டாலரில் எண்ணாதீர்கள், பந்தயத்தில் எண்ணுங்கள்

நேரடி போக்கரில் பெரிய மேசைக்கு ஏற நினைப்பவர்கள் 2006 பிப்ரவரியில் லாஸ் வேகஸின் வின் விடுதியில் நடந்த ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒருபுறம் டல்லாஸ் வங்கி முதலாளி ஆண்டி பீல். மறுபுறம், அவரை எதிர்கொள்ளக் கூட்டாகப் பணம் போட்ட தொழில்முறை ஆட்டக்காரர்கள். 12 முதல் 15-ஆம் தேதி வரை பீல் சுமார் 1.36 கோடி டாலர் வென்றார். 21 முதல் 23 வரை அந்தக் கூட்டணி சார்பில் ஃபில் ஐவி அமர்ந்து, அவரிடமிருந்து 1.66 கோடி டாலரை எடுத்தார்.

ஐவியின் மேதைமைக்குச் சான்றாகவே இது இன்றும் பேசப்படுகிறது. அவர் மேதை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் இந்தத் தொகைகள் அதை நிரூபிக்கவில்லை.

ஆடப்பட்டது லிமிட் ஹோல்டெம், அதாவது பந்தயத் தொகை முன்பே வரையறுக்கப்பட்ட போக்கர். உச்ச பந்தயம் 50,000/1,00,000 டாலர். முதல் இரண்டு சுற்றில் சிறிய பந்தயம், கடைசி இரண்டு சுற்றில் பெரியது. யாரும் உயர்த்தாமல், சுற்றுக்கு ஒரு பந்தயமாகவே ஒரு கை முடிந்தாலும் ஆளுக்கு மூன்று லட்சம் டாலர் மேசைக்குப் போய்விடும். இந்தக் கணக்கில் பீல் வென்றது 136 பெரிய பந்தயம்தான். லிமிட் ஆட்டத்துக்கு 300 பெரிய பந்தயம் கைமுதல் வேண்டும் என்பது பழைய விதி. நன்றாக ஆடுபவரையும் சீட்டு அவ்வளவு தூரம் கீழே தள்ளக்கூடும் என்பதே அதன் காரணம். அதாவது, நாளிதழில் தலைப்புச் செய்தியாகும் தொகை, பந்தயக் கணக்கில் சாதாரண ஏற்ற இறக்கம்.

பீலின் உத்தியும் இதில்தான் இருந்தது. 2001-இல் வேகஸுக்கு வரத் தொடங்கியவர், எதிராளிகளுக்குப் பழக்கமில்லாத உயரத்துக்குத் தொகையை ஏற்றிக்கொண்டே போனார். பணம் உறுத்தினால் கை தயங்கும். தயங்கினால் திறமையின் விளிம்பு மழுங்கும். 1,00,000 டாலர் பந்தயத்துக்கு 300 என்றால் மூன்று கோடி டாலர். கூட்டணியில் இருந்த டாயில் பிரன்சன், சிப் ரீஸ், ஜெனிஃபர் ஹார்மன் போன்றோரே அந்தச் சுமையைத் தனியாகச் சுமக்கவில்லை, பங்கு போட்டுக்கொண்டார்கள். ஐவி ஆடிய நாட்களில் பந்தயம் 25,000/50,000 ஆக இறங்கிய நேரமும் உண்டு.

உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கே தேவைப்பட்ட காப்பு, நேற்று சிறிய மேசையில் ஜெயித்தவருக்குத் தேவைப்படாதா? ஆள் நிறைந்த நேரடி மேசையில் மணிக்கு ஏறக்குறைய முப்பது கைதான் நடக்கும். நூறு மணி நேரம் உட்கார்ந்தாலும் மூவாயிரம் கை. இதில் வந்த லாபத்தை வைத்துத் தன் திறமையை அளப்பது அவசரம். அந்த அவசரத்தில் மேலே ஏறியவர் முதல் சறுக்கலிலேயே பயந்து ஆடத் தொடங்குகிறார். அங்கிருந்து தோல்வி சீட்டினால் வருவதில்லை.

ஆகவே ஏறும் முன்பே இறங்கும் இடத்தைக் குறித்துவிடுங்கள். வீட்டுச் செலவுக்கான பணம் கைமுதல் ஆகாது. புதிய மேசைக்கு ஒதுக்கியதில் பாதி போனால் மறுநாளே பழைய மேசைக்குத் திரும்புங்கள். அப்படி இறங்கத் தெரிந்தவர்கள்தான் மீண்டும் ஏறும்போது முழு ஆட்டத்தையும் ஆடுகிறார்கள்.