செல்லுக்கு சோர்ஸ் கோட் இருக்கா?

ஜீனோம் என்பது புரோகிராம், செல் என்பது அதை ஓட்டும் கம்ப்யூட்டர். உயிரியல் பக்கம் எட்டிப் பார்க்கிற சாஃப்ட்வேர்காரர்களுக்கு முதலில் பிடித்துப்போகிற உவமை இதுதான். டிஎன்ஏ-வில் நான்கு எழுத்து, நம்மிடம் 0, 1. அங்கே மியூட்டேஷன், இங்கே பக். நம்ம ஏரியாதானே என்று தோன்றிவிடும். இந்த உவமையைச் சொல்லித்தான் செல்லை புரோகிராம் செய்யப்போவதாகக் கம்பெனிகள் முதலீடு திரட்டுகின்றன, பத்திரிகைகள் தலைப்பு போடுகின்றன. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டிய பொறுப்பு, உவமையைக் கடன் கொடுத்த நமக்கும் இருக்கு.

இதைச் சோதிக்க ஒரே பாக்டீரியாவின் கதையைச் சொல்லும் நான்கு ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாக எடுத்துக்கிட்டேன். 2010, 2016, 2021, 2023-இல் வந்தவை. நாலுமே கிரெய்க் வென்டரின் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய மைக்கோபிளாஸ்மா செல்லைப் பற்றியவை. முதலில் தலைப்புகளைப் பாருங்க. 2010 தலைப்பில் இருக்கும் சொல் "படைப்பு". 2016-இல் "வடிவமைப்பு". 2021-இல் "தேவைகள்". 2023-இல் "பரிணாமம்". படைத்தோம் என்று தொடங்கிய கதை பதிமூன்று வருஷத்தில், அது தானா என்ன ஆகுதுன்னு பார்க்கிற இடத்துக்கு வந்து நிற்குது. என்னைக் கேட்டால் இது இறக்கம் இல்லை, தெளிவு. ஆனால் பொதுவெளியில் நிலைத்தது முதல் தலைப்பு மட்டும்தான்.

2010-இல் செய்தது சாதாரண வேலை இல்லை. மைக்கோபிளாஸ்மா மைக்காய்டஸ் என்ற பாக்டீரியாவின் ஜீனோம், சுமார் 10.8 லட்சம் எழுத்துகள். கம்ப்யூட்டரில் இருந்த வரிசையை வைத்து அதைத் துண்டு துண்டாக வேதிமுறையில் செய்து, ஈஸ்ட் செல்லுக்குள் ஒட்டி முழுசாக்கி, அதன் நெருங்கிய உறவான மைக்கோபிளாஸ்மா கேப்ரிகோலம் செல்லுக்குள் ஏற்றினார்கள். புது ஜீனோம் பொறுப்பேற்றுக்கொண்டது. டிஎன்ஏஏ என்ற ஒரு அத்தியாவசிய மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டதால் பல வாரங்கள் எதுவும் ஓடவில்லை. நமக்கெல்லாம் பழகின வலி! இந்த செல்லின் பெற்றோர் ஒரு கம்ப்யூட்டர் என்ற பொருள்பட வென்டர் அறிவித்தார். உவமைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

இப்போ என் முதல் கேள்வி. அந்த ஜீனோம் முழுசாக உருவானது ஈஸ்ட்டுக்குள்தானே? அங்கே ஏன் அது ஓடவில்லை? ஈஸ்ட் ஏன் மைக்கோபிளாஸ்மாவாக மாறவில்லை?

காரணம் பல. நம்ம ஆட்களுக்குச் சட்டெனப் புரிகிற ஒன்றை மட்டும் சொல்றேன். மைக்கோபிளாஸ்மாவில் யுஜிஏ என்ற மூன்றெழுத்துக்கு "டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்" என்று பொருள். ஈஸ்ட்டில் அதே யுஜிஏ-வுக்கு "புரதத்தை இங்கேயே நிறுத்து" என்று பொருள். எழுத்து ஒன்றுதான், வாசிக்கிறவர் மாறினால் பொருளும் மாறிவிடும். ஆக, பொருள் முழுக்க எழுத்துக்குள் இல்லை.

உடனே ஒரு பதில் வரும்: வாசிக்கும் கருவியைச் செய்யும் குறிப்பும் அதே ஜீனோமில்தானே இருக்கு? இருக்கு, உண்மை. ஆனால் அந்தக் குறிப்பை முதல் தடவை யார் வாசிப்பது? ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும், அதே மரபுக் குறியீட்டைப் பேசும் ஒரு செல்தான். கென் தாம்ப்சன் 1984-இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் கம்பைலர் பற்றிச் சொன்னது இதே விஷயம். தன் மொழியிலேயே எழுதப்பட்ட கம்பைலருக்கு ஒரு குறியீட்டின் பொருளை ஒரு தடவை கற்றுக்கொடுத்துவிட்டால் போதும். பிறகு சோர்ஸில் அந்த விளக்கத்தை எடுத்துவிட்டாலும், பைனரி தலைமுறை தலைமுறையாக அதை ஞாபகம் வைத்திருக்கும். சோர்ஸை எவ்வளவு துருவினாலும் அது கிடைக்காது. செல்லும் அப்படி அணையாமல் கைமாறி வரும் பைனரிதான்.

2010 கட்டுரையில் இதற்கும் ஒரு சமாதானம் உண்டு. செல் 30 தடவை பிரிந்தால் பழைய செல்லின் சரக்கு நூறு கோடி மடங்கு நீர்த்துப்போகும் என்கிறார்கள். 2-இன் 30 அடுக்கு சுமார் 107 கோடி, கணக்கு சரி. ஆனால் பழைய மூலக்கூறு போனதால் பழைய பங்களிப்பும் போய்விட்டது என்று ஆகாது. மெஷினை நிறுத்தாமலேயே ஒவ்வொரு பாகமாக மாற்றியிருக்கிறார்கள். மாற்றிக்கொடுத்ததே அந்த மெஷின்தான். நின்றுபோன மெஷினை எழுத்தை மட்டும் வைத்துக் கிளப்பவில்லை.

இரண்டாவது கேள்வி: எழுதினார்களா, நகல் எடுத்தார்களா? பதில் 2016 கட்டுரையில் இருக்கு. உயிர் வாழத் தேவையான குறைந்தபட்ச மரபணுக்கள் மட்டும் கொண்ட ஒரு ஜீனோமை வடிவமைக்கப் பார்த்தார்கள். அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்தும் கையில் இருந்த கொஞ்சம் சோதனைத் தரவிலிருந்தும் முதல் டிசைன் போட்டார்கள். எட்டு துண்டுகளாகச் செய்து சோதித்தால், ஒரே ஒரு துண்டுதான் உயிருள்ள செல்லைக் கொடுத்தது. உலகத்திலேயே இந்த செல்லை நன்றாகத் தெரிந்தவர்கள் போட்ட டிசைன் அது.

அப்புறம் வழியை மாற்றினார்கள். ஒவ்வொரு மரபணுவாகக் கெடுத்து, செல் பிழைக்குதா என்று பார்த்தார்கள். சில இடங்களில் ஒரே வேலையை இரண்டு மரபணுக்கள் செய்யும். ஒன்றை எடுத்தால் ஓடும், இரண்டையும் எடுத்தால் சாகும். பேக்கப் சர்வர் இருப்பது தெரியாமல் மெயின் சர்வர் தேவையில்லை என்று முடிவு செய்கிற மாதிரி. இப்படி நீக்கி, சோதித்து, திரும்பச் சேர்த்துக் கடைசியில் வந்ததுதான் சின் 3.0. மொத்தம் 473 மரபணுக்கள். அவற்றில் 149-க்கு என்ன வேலை என்று அப்போது தெரியாது. 79-க்கு வகைகூடச் சொல்ல முடியவில்லை. மீதி 70-க்குப் பொதுவான வகை மட்டும் தெரியும். எதையோ கடத்தும் புரதம், ஆனா எதை? தெரியாது.

கவனிச்சீங்களா? எதை எடுக்கலாமோ அத்தனையும் எடுத்த பிறகு மிச்சம் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு இது. எடுத்தால் செல் சாகும், அல்லது தவழும். ஏன் என்று தெரியாது. பழைய புராஜெக்ட்களில் "இதைத் தொடாதீங்க, யார் எழுதினாங்கன்னு தெரியாது, எடுத்தா பில்லிங் நின்னுடும்" என்று கமெண்ட் பார்த்திருப்போம். அதைப் பராமரிப்பவரை யாரும் அதன் ஆசிரியர் என்று சொல்வதில்லை.

இங்கே விஞ்ஞானிகளைக் குறை சொல்லவில்லை. அந்த 149-ஐ அவர்கள் ஒளிக்கவில்லை, கட்டுரைச் சுருக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். நான்கு கட்டுரைகளிலும் எனக்கு மிக முக்கியமான எண் அதுதான். புரோகிராம் உவமையில் அந்த எண்ணுக்கு இடமில்லை என்பதே என் குறை.

2021 கட்டுரை இதை இன்னும் கூர்மையாக்குது. சின் 3.0 செல்கள் பிரியும், ஆனால் தாறுமாறான உருவத்தில் பிரியும். சில நூல் மாதிரி நீளும். 19 மரபணுக்கள் கூடுதலாக உள்ள சின் 3ஏ ஒழுங்காகப் பிரிந்தது. அந்த ஒழுங்குக்கு 19-இல் ஏழு வேண்டியிருந்தது. ஏழில் இரண்டுக்குத்தான் செல் பிரிவில் பங்கு உண்டு என்று முன்பே தெரியும். நான்கு, செல் சவ்வோடு தொடர்புள்ள வேலை தெரியாத புரதங்கள். ஏழும் சேர்ந்திருந்தால்தான் வடிவம் சரியாகும். "வட்டமாக இரு" என்று எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை.

2023 கட்டுரையில் குறைந்தபட்ச செல்லை 300 நாள், சுமார் 2,000 தலைமுறை சும்மா வளரவிட்டார்கள். மரபணுக்களைப் பிடுங்கியதில் அது தன் வளர்திறனில் பாதிக்கு மேல் இழந்திருந்தது. இழந்ததை மியூட்டேஷன் வழியாகவே மீட்டுக்கொண்டது. கோடை வெட்டிவிட்டு 300 நாள் ரிப்பாசிட்டரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருங்க, என்ன ஆகும்?

சரி, உவமைதானே, போகட்டும் என்று விடலாமா? விடக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் பாதுகாப்பு. டிஎன்ஏ செய்து விற்கும் நிறுவனங்கள், வரும் ஆர்டரின் எழுத்து வரிசையை ஆபத்தானவை என்று தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டுத்தான் அனுமதிக்கின்றன. அது வேண்டிய ஏற்பாடு. ஆனால் எழுத்தைப் பார்த்தாலே வேலை தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டு அதோடு நின்றால், மிகச் சிறிய செல்லே நம்மைப் பொய்யாக்கும். இன்னொரு காரணம் பணம். செல் என்பது புரோகிராம் என்றால் கருவிகள் வாங்கினால் போதும், அந்த 149 ஒவ்வொன்றும் என்ன செய்யுது என்று ஆய்வகத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்கு ஏன் சம்பளம் கொடுக்கணும் என்ற கேள்வி தானாக வரும்.

அப்படி உட்கார்ந்து பார்த்தவர்கள் இருந்ததால்தான், 2019-இல் சின் 3ஏ-வுக்கு வந்த கணக்கில் வேலை சரியாகத் தெரியாத மரபணுக்கள் 90 சொச்சமாகக் குறைந்தன. அடுத்த தடவை யாராவது "செல்லை புரோகிராம் செய்துவிட்டோம்" என்று சொன்னால், உங்க செல்லில் அந்த எண் என்ன என்று கேளுங்க.